வண்ண மீன் தொட்டி: வடிகட்டியை எப்போது கழுவுவது?

சென்னைப் பகுதியில் வண்ண மீன் வளர்ப்புக்குப் பெயர் பெற்ற ஊர் கொளத்தூர். அங்குள்ள சந்தைக்குக் காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடக் கூடிய செம்பரம்பாக்கம், திருமழிசை, பூந்தமல்லி வட்டாரத்துச் சிறு விவசாயிகளுக்கு இது ஏற்ற துணைத் தொழில். கொல்லையில் நிழலான இடத்தில் நான்கு சிமெண்டுத் தொட்டிகளும், ஒரு காற்றுப் பம்பும், நல்ல கிணற்று நீரும் இருந்தால் கப்பி, மோலி, பிளாட்டி, தங்கமீன் போன்றவற்றை இனப்பெருக்கம் செய்து விற்கலாம்.

இத்தொழிலில் புதிதாக இறங்குவோருக்கு முதல் நட்டம் பல சமயம் நோயினால் வருவதில்லை. சுத்தம் செய்வதனால் வருகிறது. வடிகட்டி பழுப்பேறியிருப்பதைப் பார்த்ததும் அதைக் கழற்றி, குழாயடியில் வைத்து, சோப்போ பிளீச்சிங் பவுடரோ போட்டுக் கசக்கி, வெள்ளையாக்கி மாட்டி விடுகிறார்கள். அன்று தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. விற்பனைக்குத் தயாராக இருந்த குஞ்சுகள் தொட்டியோடு மடிந்து போவதும் உண்டு.

பழுப்பு நிறம் முழுவதும் அழுக்கு அல்ல

வடிகட்டிக்கு இரண்டு வேலைகள் உண்டு. மிதக்கும் தீனித் துகளையும் கழிவையும் தடுத்து நிறுத்துவது ஒன்று. இது கண்ணுக்குத் தெரியும். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய தீனி அழுகுவதாலும் அம்மோனியா உண்டாகிறது. ஸ்பாஞ்சின் துளைகளில் படிந்து வாழும் பாக்டீரியாக்களில் ஒரு வகை இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டின் கேடு குறைவு. வாரந்தோறும் நீர் மாற்றினால் அதுவும் போய்விடும்.

இது விவசாயிகளுக்குப் புதிய செய்தி அல்ல. வயலில் இடும் யூரியா மண்ணில் அம்மோனியாவாகி, பின்னர் நைட்ரேட்டாகிப் பயிருக்குச் சேருவதும் இத்தகைய நுண்ணுயிர்களால்தான். நைட்ரைட்டை மாற்றும் வேலையை நைட்ரோபாக்டர் செய்கிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நன்னீர் மீன் தொட்டிகளில் அதைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா இனம் என்பது 1998இல் வெளியான ஆய்வில் தெரிய வந்தது.

இவற்றின் குறை, மெதுவாகப் பெருகுவது. சாதாரண பாக்டீரியா சில அரை மணி நேரத்தில் இரட்டிக்கும். இவை இரட்டிக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். புது வடிகட்டி முழுத் திறனை அடைய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவியவர் அந்த ஆறு வார உழைப்பையும் வாய்க்காலில் விட்டவராகிறார். தொட்டியில் மீனும் தீனியும் முன்போலவே இருக்க, நஞ்சை மாற்ற ஆள் இல்லை.

குழாய் நீரில் உள்ள ஆபத்து

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் 2007 முதல் இயங்கும் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்தம் செய்யும் திறனுடையது. குடிநீரில் கிருமி இருக்கக் கூடாது என்பதால் குளோரின் சேர்த்தே அனுப்புகிறார்கள். மனிதனுக்கு அது பாதுகாப்பு. ஸ்பாஞ்சில் வாழும் பாக்டீரியாவுக்கும் மீனின் செவுளுக்கும் அதுவே கேடு. ஆகவே குழாய் நீரில் வடிகட்டியைக் கழுவுதல் கூடாது. தொட்டியில் விடுவதற்கும் குழாய் நீரைத் திறந்த பாத்திரத்தில் காற்றுச் செலுத்தி ஒரு நாள் வைத்திருந்த பிறகே பயன்படுத்துதல் வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

எல்லாத் தொட்டிக்கும் பொருந்தும் ஒரே கணக்குக் கிடையாது. மீனின் எண்ணிக்கையும் தீனியின் அளவுமே அதை முடிவு செய்கின்றன. தாய் மீன்கள் சிலவே உள்ள தொட்டியில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். விற்பனைக்காக நெருக்கமாக விட்டு, நாளுக்கு மூன்று வேளை தீனி போடும் வளர்ப்புத் தொட்டியில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு முறை தேவைப்படும். தங்கமீன் நிறையக் கழிவு போடும் மீன். அதற்கு வாரம் ஒரு முறை. வீட்டுக் கூடத்தில் அழகுக்கு வைக்கும் கண்ணாடித் தொட்டிக்கு மாதம் ஒரு முறையே தாராளம். இந்த நாள் கணக்கைத் தொடக்கமாக வைத்துக் கொண்டு, அவரவர் தொட்டியைப் பார்த்துத் திருத்திக் கொள்ள வேண்டும்.

திருத்துவதற்கு எளிய வழி உண்டு. மோட்டார் வைத்த வடிகட்டியானால், கழுவி மாட்டிய அன்று அதன் வாயில் ஒரு லிட்டர் பாத்திரத்தைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக் கொள்க. இருபது விநாடியில் நிரம்பியது முப்பது விநாடி ஆகும்போது கழுவலாம். காற்றில் இயங்கும் ஸ்பாஞ்சில் குமிழி குறைந்தாலோ, ஸ்பாஞ்சைத் தொட்டதும் புகைபோல் வண்டல் கிளம்பினாலோ நேரம் வந்துவிட்டது என்று பொருள். ஆனால் குமிழி குறைவதற்குக் காற்றுக்கல் அடைப்போ, பம்பின் உள்ளேயுள்ள ரப்பர் கிழிவதோ கூடக் காரணமாகலாம். அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

கழுவும் முறை

நீர் மாற்றும் நாளிலேயே இதைச் செய்தால் வேலை மிச்சம். தொட்டியிலிருந்து கால் பங்கு நீரை எடுக்கும்போது ஒரு வாளி நீரைத் தனியே வைத்துக் கொள்ள வேண்டும். காற்றை நிறுத்தி, வண்டல் தொட்டியிலேயே சிந்திவிடாமல் ஸ்பாஞ்சின் அடியில் ஒரு கிண்ணத்தை ஏந்தி வெளியே எடுத்து, வாளி நீரில் அமிழ்த்தி மூன்று நான்கு தடவை மெதுவாகப் பிழிந்தால் போதும். வெள்ளையாகும் வரை பிழிவது வீண் வேலை மட்டுமல்ல, கேடும் ஆகும். தொட்டிக்கு இரண்டு ஸ்பாஞ்சு வைத்து, மாற்றி மாற்றி ஒன்றை மட்டும் கழுவுவதே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. செங்கல் ஜல்லி, பீங்கான் வளையம் போன்றவை நிரப்பிய வடிகட்டியானால் அவற்றை மூன்று மாதத்துக்கு முன் தொட வேண்டியதில்லை. தொடும்போதும் பாதியை மட்டும். கழுவிய அன்று தீனியையும் பாதியாகக் குறைத்தல் வேண்டும்.

நோய்க்கு மருந்து போடுவதாயின் அந்த மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றிப் போட வேண்டும். மெத்திலீன் புளூவும் சில நுண்ணுயிர்க் கொல்லிகளும் வடிகட்டியின் பாக்டீரியாவையும் பாதிக்கும். வடிகட்டியைக் கழுவும் தொல்லையே வேண்டாம் என்று ‘டேங்க் கிளீனர்’ மீன் வாங்கி விடுவோரும் உண்டு. அது பாசியை மேயும். மற்ற மீன்களின் அம்மோனியாவைக் குறைக்காது, தன் பங்குக்குச் சேர்க்கவே செய்யும்.

தவறு நேர்ந்துவிட்டால்

நைட்ரைட்டு ஏறினால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க இயலாமல் செவுள் பழுப்பாகும். காற்றுக் குறைவின்றி ஓடும்போதும் மீன் மேலே வந்து தவித்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். உடனே தீனியை நிறுத்தி, சேமித்து வைத்த நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் சமையல் உப்பைக் கரைத்து விட வேண்டும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட்டு செவுள் வழியே உடலில் புகுவதைத் தடுக்கிறது. அம்மோனியாவுக்கு உப்பு மருந்தாகாது. நீர் மாற்றுவதே வழி. பி.எச். எனப்படும் கார அமில நிலை 7 ஆக உள்ள நீரில், 30 டிகிரி வெப்பத்தில், அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். அந்த நிலை 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல் போய்விடும். ஆழ்குழாய் நீரில் காரத்தன்மை மிகுந்த இடங்களில், குறிப்பாகச் சித்திரை, வைகாசி வெயிலில், ஒரு சிறு தவறும் பெருஞ்சேதமாவது இதனால்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழைக்கு மின்சாரம் நின்றுவிடும் நாட்களும் உண்டு. காற்றில்லாமல் சில மணி நேரம் நின்ற ஸ்பாஞ்சில் பாக்டீரியா நலிந்து, உள்ளே சிக்கிய கழிவு அழுகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட விடாமல், மேற்சொன்னபடி வாளி நீரில் ஒரு தடவை பிழிந்த பின்பே ஓட விட வேண்டும். பிழிந்த நீரைக் கீரைப் பாத்திக்கோ வாழைக்கோ ஊற்றலாம். உப்புப் போட்ட தொட்டியின் நீரைப் பயிருக்கு விடுதல் கூடாது.