சூழ்நிலை மாறினால் விரதம் மாறலாமா?

பெங்களூரின் பழைய நகர்ப் பகுதியான திகளர்பேட்டையில் தர்மராய சுவாமி கோயில் உள்ளது. சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் அங்கிருந்து கரகம் புறப்படுகிறது. திரௌபதி அம்மனின் சக்தி அக்கரகத்தில் எழுந்தருள்வதாக அன்பர்கள் நம்புகின்றனர். அதைச் சுமப்பவர் திகளர் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் பல நாட்களுக்கு முன்பிருந்தே குடும்பத்தை விட்டு விலகி, உணவிலும் ஒழுக்கத்திலும் கடுமையான நியமங்களைக் கைக்கொள்கிறார். விழா நாட்களில் பெண் கோலம் பூணுகிறார். மனைவியின் தாலியும் வளையல்களும் அப்போது அவர் மேனியில் இருக்கும். உருவிய வாளுடன் வீரகுமாரர்கள் சூழ்ந்துவர, மல்லிகை மலர்கள் போர்த்திய கரகத்தைத் தலையில் தாங்கி நகர வீதிகளில் வலம் வருகிறார். காட்டன்பேட்டையிலுள்ள ஹஸ்ரத் தவக்கல் மஸ்தான் தர்காவில் கரகம் சற்றே நின்று செல்வதும் மரபு.

இந்த விழா தோன்றியபோது இருந்த பெங்களூர் இன்று இல்லை. திகளர்கள் தோட்டத் தொழிலில் வல்லவர்கள். ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்தவர்கள். நீர்நிலைகளோடு பிணைந்த சடங்குகள் அவர்கள் விழாவில் இடம்பெற்றது இயல்பே. அந்த ஏரிகளில் ஒன்றான தர்மாம்புதி இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. ஆயினும் அவ்வளாகத்தின் ஓரத்தில் ஒரு சிறு குளம் மட்டும் கரகச் சடங்குக்காக விட்டுவைக்கப்பட்டது. ஏரி குளமாகச் சுருங்கிவிட்டதே என்று விழாவை நிறுத்தவில்லை. குளம் போதுமா என்று யாரும் சாத்திரம் புரட்டியதாகவும் தெரியவில்லை.

2020-ஆம் ஆண்டு வந்த சோதனை வேறு வகையானது. நாடெங்கும் ஊரடங்கு தொடங்கி இரு வாரங்களே ஆகியிருந்த நிலையில் பௌர்ணமி வந்தது. வீதியுலா நடைபெறவில்லை. சடங்குகள் கோயில் வளாகத்துக்குள், மிகச் சிலரோடு அடங்கின. 2021-லும் அவ்வாறே. இலட்சக்கணக்கானோர் விழித்திருந்து காணும் ஓர் இரவு, மூடிய கதவுகளுக்குள் கழிந்தது. உலா வராத கரகம் கரகம்தானா? சூழ்நிலைக்காக வழக்கத்தைச் சுருக்குவது தெய்வக் குற்றமாகாதா? இந்த ஐயம் பெங்களூருக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு வீட்டுப் பூஜையறையிலும் ஏதோ ஒரு வடிவில் எழுவதுதான்.

சாந்தோக்ய உபநிடதத்தின் முதல் அத்தியாயத்தில் உஷஸ்தி சாக்ராயணர் என்பவரின் வரலாறு வருகிறது. ஆலங்கட்டி மழையால் குரு நாட்டில் பயிர்கள் அழிந்தன. பஞ்சம் தலைவிரித்தாடியது. வேதம் கற்ற உஷஸ்தி, மனைவியோடு யானைப்பாகர் ஊரொன்றில் வறுமையில் வாடினார். பயறு தின்றுகொண்டிருந்த ஒரு பாகரிடம் கையேந்தினார். தம் எதிரில் இருக்கும் எச்சிற் பயறைத் தவிர வேறில்லை என்றார் பாகர். அதையே தருமாறு கேட்டு உஷஸ்தி உண்டார். பிறகு பாகர் தாம் குடித்து மிஞ்சிய நீரையும் நீட்டினார். எச்சில் நீர் வேண்டா என மறுத்துவிட்டார் உஷஸ்தி.

பாகருக்கு வியப்பு. பயறும் எச்சில்தானே? பயறை உண்ணாவிடில் உயிர் நில்லாது, நீரோ வேண்டிய இடத்தில் கிடைக்கிறது என்பது உஷஸ்தியின் விடை. இந்த விடையின் நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. பஞ்சகாலத்தில் ஆசாரம் தளரலாம் என்பதோடு கதை முடிந்திருந்தால் அதில் புதுமை ஒன்றுமில்லை. எவ்வளவு தளரலாம் என்பதே இங்குள்ள பாடம். உயிர் காக்க எவ்வளவு தேவையோ அவ்வளவே நியமம் விட்டுக்கொடுத்தது. அதற்கு அப்பால் ஒரு மிடறு நீருக்கும் அது இடம் தரவில்லை. நியமத்தை அவர் கைவிடவில்லை என்பதற்கு அந்த மறுத்த நீரே சான்று.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு 2020-ஆம் ஆண்டின் கரகத்தைப் பார்த்தால் ஐயம் பெரும்பாலும் விலகுகிறது. நோய்ப் பரவல் தடுத்தது கூட்டத்தை. அர்ச்சனையையும் நியமத்தையும் அது தடுக்கவில்லை. ஆகவே உலா நின்றது, வழிபாடு நிற்கவில்லை. தடை நீங்கியதும் 2022-இல் கரகம் மீண்டும் வீதிக்கு வந்தது. ஆபத்துக் காலத்துச் சலுகை ஆபத்தோடு முடிந்தது.

தனிமனிதரின் விரதங்களுக்கும் இதுவே பொருந்தும். நீர், கிழங்கு, கனி, பால், ஹவிஸ், அந்தணரின் விருப்பம், குருவின் சொல், மருந்து ஆகிய எட்டும் விரதத்தைக் குலைப்பதில்லை என்று மகாபாரதத்தில் விதுரர் கூறுகிறார். ஏகாதசி உபவாசத்தை எட்டு வயதுக்கு மேல் எண்பதுக்குள் என்று வரையறுக்கும் ஸ்மிருதி வாக்கியமும் உண்டு. நோயாளிக்கும் பயணிக்கும் ரமலான் நோன்பை வேறு நாட்களுக்கு ஒத்திவைக்கக் குர்ஆன் இடமளிக்கிறது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் செலுத்திக்கொள்ளும் மூதாட்டி ஏகாதசியன்று முழுப் பட்டினி கிடந்து மயங்கி விழுவதைப் பக்தி என்று எந்த நூலும் போற்றவில்லை. சாத்திரம் விதிக்காத கொடிய தவத்தால் உடலை வருத்துவோர் உள்ளிருக்கும் இறைவனையே வருத்துகின்றனர் என்னும் கருத்து கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் கடுமையாகவே சொல்லப்பட்டுள்ளது.

மறுபக்கமும் உண்டு. "காலம் மாறிவிட்டது" என்பது மிக வசதியான சொல். உபவாசம் என்றால் இறைவனுக்கு அருகில் வசித்தல் என்று பொருள் கூறுவர். நடைமுறையிலோ ஒரு வேளைச் சோற்றை நீக்கி மூன்று வேளைப் பலகாரம் உண்ணும் ஏகாதசிகளே மிகுதி. பெங்களூரில் இரவுப்பணி பார்க்கும் இளைஞர், பகலெல்லாம் உறங்கி, விழித்ததும் "உண்ணாமல் இருந்தேன்" என்று கணக்குக் காட்டலாம். கணினித் திரைக்கு முன் கண்விழித்ததை ஜாகரணத்திலும் சேர்க்கலாம். அவருக்கு உண்மையில் இயலாதது எது? கோயிலுக்குச் செல்வதும், குறித்த நேரத்தில் பூஜை செய்வதும் இயலாமல் போகலாம். பணியிடைவேளையில் பதினைந்து நிமிடம் நாமஜபம் செய்வதையும், அன்று ஒருநாள் நாவைக் கட்டுவதையும் எந்த நிறுவனமும் தடுப்பதில்லை.

உஷஸ்தி மிஞ்சிய பயறை மனைவிக்குக் கொண்டுசென்றார். அந்த அம்மையாருக்கு அதற்குள் வேறு பிச்சை கிடைத்திருந்தது. அதனால் பயறை எடுத்து வைத்தார். மறுநாள் விடியலில், சிறிது உணவு கிடைத்தால் அரசனின் வேள்விக்குச் சென்று பொருள் ஈட்டலாமே என்றார் உஷஸ்தி. மனைவி அந்தப் பழைய பயறையே எடுத்துக் கொடுத்தார். அதை உண்டு வேள்விச்சாலைக்கு நடந்த உஷஸ்தி, பாடவிருந்த ஒவ்வொரு ரித்விக்கையும் நோக்கி, அவர் பாடும் பகுதிக்குரிய தேவதை எது என வினவினார். எவருக்கும் விடை தெரியவில்லை. அவர்கள் ஓதுவதை நிறுத்தி மௌனமாக அமர்ந்தனர்.