இரண்டு மொரப்பூர்

கேள்வி: ஊர்ப்பெயர்ப் பட்டியலுக்கு நிரல் எழுதுகிறேன். ஆப்ஜெக்டைத் திறந்து பார்க்கும் இன்ஸ்பெக்டர், உள்ளதை உள்ளபடி காட்டினால் போதாதா? விதவிதமான காட்சிகள் எதற்கு?
– வாசகர், அரூர்

பதில்: போதாது. ‘அரூர்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பவருக்கு அது 3 எழுத்து; யூனிகோடில் 5 குறியீடுகள்; யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டுகள். மூன்றுமே உள்ளபடிதான். எதைக் காட்டுவது என்பதைப் பார்ப்பவரின் தேவைதான் முடிவு செய்ய வேண்டும். ஸ்மால்டாக்-80 மொழியின் இன்ஸ்பெக்டர் ஆப்ஜெக்டின் உள்மாறிகளை வரிசையாகக் காட்டியது. அன்றைக்கு அதுவே பெரிய வசதி. இன்றைய கிளாமரஸ் டூல்கிட் என்ற நிரலாக்கச் சூழலில் ஒவ்வொரு கிளாஸும் தனக்கேற்ற காட்சிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அழகான காட்சி பிழையை மறைத்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, மறைக்கத்தான் செய்யும். உங்கள் பக்கத்து ஊர் மொரப்பூரைப் பாருங்கள். அதிலுள்ள ‘மொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் துளியும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்றில் 9 குறியீடுகள், மற்றதில் 10; தேடினால் ஒன்று சிக்கும், இன்னொன்று நழுவும். எழுத்துக் காட்சி மட்டும் இருந்தால் காரணம் பிடிபடாது. ஆகவே முதலில் எழுத்துகள், ஒரு சொடுக்கில் குறியீடுகள், அதற்கும் அடியில் பைட்டுகள் என்று அமையுங்கள். இதற்கெல்லாம் நேரமேது என்பீர்கள். கிளாமரஸ் டூல்கிட்டில் ஒரு காட்சி என்பது சில வரி மெத்தடுதான். அதை எழுதும் நேரத்தைவிட, இரண்டு மொரப்பூருக்கும் வேற்றுமை தெரியாமல் நிரலைத் துழாவும் நேரம் மிக அதிகம்.