இது நீங்கள் ஊட்டி வந்த கொழுப்பு அல்ல

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. 8 வயதில் கிரேனியோஃபெரிஞ்சியோமா என்ற மூளைக்கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அதிலிருந்து எந்நேரமும் பசி என்கிறான். 24 கிலோ இருந்தவன் இப்போது 58 கிலோ. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு தெரிகிறது, எஸ்ஜிபிடி 92. நான் கண்டதையும் ஊட்டியதால்தான் இப்படி என்கிறார்கள். தினமும் போடும் மாத்திரைகளை நிறுத்திப் பார் என்கிறார் மாமியார். என்ன செய்வது டாக்டர்?

பதில்: ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள் அம்மா. அவனுடைய பிட்யூட்டரி சுரப்பியால் செய்ய முடியாத வேலையை அந்த மாத்திரைகள் செய்கின்றன. ஹைட்ரோகார்ட்டிசோனைத் திடீரென நிறுத்தினால், சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகிவிடும். அளவு கூடினாலும் எடை ஏறும்தான். ஆனால் அதை டாக்டர் மட்டுமே குறைக்க வேண்டும்.

உங்கள் மீது பழி போடுவது அநியாயம். இந்தக் கட்டி வளரும் இடத்தை ஒட்டியே ஹைப்போதலாமஸ் இருக்கிறது. வயிறு நிறைந்தது என்று உடலுக்குச் சொல்வது அதுதான். கட்டியாலோ ஆபரேஷனாலோ அது பாதிக்கப்பட்டால், சாப்பிட்டு எழுந்த பிள்ளைக்கும் பசிக்கும். இன்சுலின் அதிகமாகச் சுரந்து, கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே போகும்.

இன்னொன்று, பலர் கவனிக்கத் தவறுவது: வளர்ச்சி ஹார்மோன். உயரத்துக்கு மட்டுமல்ல, கல்லீரலில் கொழுப்பு தேங்காமல் இருக்கவும் அது வேண்டும். இந்தக் கட்டி வந்து எடை கூடிய பிள்ளைகளில் சிலர் அந்த ஹார்மோன் இல்லாமலே ஓரளவு வளர்ந்துவிடுவார்கள். உயரம் சரியாக இருக்கிறதே என்று பரிசோதிக்காமல் விட்டுவிடுகிறோம். உங்கள் மகனுக்குப் பார்த்தார்களா? குறைவு உறுதியானால், கட்டி மீண்டும் வளரவில்லை என்று எம்ஆர்ஐயில் தெரிந்தபின் ஊசியாகக் கொடுக்கலாம்.

லேப் ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி 40 வரை நார்மல் என்று போட்டிருப்பார்கள். அது பெரியவர்களுக்கான கணக்கு. ஆண் பிள்ளைகளுக்கு 26, பெண் பிள்ளைகளுக்கு 22 என்பதே சரியான வரம்பு. 92-ஐத் தள்ளிப்போடக் கூடாது. பெரியவர்களுக்குப் பல வருடங்கள் எடுக்கும் கல்லீரல் சுருக்கம், இந்தக் கட்டி வந்த பிள்ளைகளில் சிலருக்குச் சில வருடங்களிலேயே வந்துவிடுகிறது. குழந்தைகள் கல்லீரல் நிபுணரிடம் காட்டி, ஃபைப்ரோஸ்கேனும் மஞ்சள்காமாலை வைரஸ், வில்சன் நோய் பரிசோதனைகளும் செய்யச் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிட்டால் அதன் பெயரையும் சொல்லுங்கள். வால்ப்ரோயேட் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. நாட்டு மருந்து எதுவும் வேண்டாம்.

சர்க்கரை பானங்களை வீட்டில் எல்லோருமே நிறுத்துங்கள். அவனுக்கு மட்டும் தடை போட்டால் தாங்கமாட்டான். சாப்பாட்டு அலமாரியைப் பூட்டுவது கொடுமையல்ல, அவனுக்கு அது உதவி.

அவன் விரல் நுனிகளையும் அவ்வப்போது பாருங்கள். நுனி உருண்டு பருத்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, மாடி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். கல்லீரல் கெட்டு நுரையீரலையும் தொட்டிருக்கலாம்.