போர்க்கால வீட்டுத்தோட்டமும் நெட்டுக்குப்பத்து மணலும்

நெல் விளையாத ஊருக்கு நெல் வரும் வழி அடைபட்டால், அவ்வூரார் என் செய்வர்? இக்கேள்வி 1942-ஆம் வருஷத்தில் சென்னைப் பட்டினத்தின் முன் வந்து நின்றது. அதற்கு அக்காலத்தில் கண்ட விடைகளுள் ஒன்று வீட்டுத்தோட்டம். கடற்கரையூர்க் குடும்பங்களுக்கு அது எவ்வளவில் உதவும், எவ்வளவில் உதவாது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

அரிசி நின்ற வரலாறு

யுத்தத்திற்கு முன் இந்தியா ஆண்டுதோறும் 10 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசியைப் பர்மாவிலிருந்து தருவித்து வந்தது. 1942 மார்ச்சு 8-ல் இரங்கூன் ஜப்பானியர் வசமாகவே அவ்வரிசி அடியோடு நின்றது. ஏப்ரல் 5-ல் கொழும்பிலும், 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அம்மாதத்திலேயே சென்னையினின்று மக்கள் திரள்திரளாக வெளியேறினர். சர்க்கார் காரியாலயங்கள் பலவும் வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. அதிக உணவு உற்பத்தி இயக்கம் அவ்வருஷமே தொடங்கிற்று. 1943-ல் வங்காளத்தில் பஞ்சத்தால் சுமார் 30 லட்சம் பேர் மாண்டனர் என்று மதிப்பிடுகின்றனர். சென்னையில் ஏற்பட்ட உணவுப் பங்கீட்டு முறை, யுத்தம் முடிந்த பின்னும் நீடித்து, 1952-ல் ஸ்ரீ இராஜகோபாலாச்சாரியார் முதன்மந்திரியாக இருந்தபோது நீங்கிற்று.

அமெரிக்க இல்லங்களில் நடந்தது

அமெரிக்காவில் பஞ்சம் இல்லை. ஆயினும் கப்பல்கள் யுத்தத்திற்கு வேண்டியிருந்தமையாலும், பிலிப்பைன்ஸ் சர்க்கரை நின்றமையாலும், 1942 மே மாதத்தில் சர்க்கரைக்கும், நவம்பரில் காப்பிக்கும் பங்கீடு வந்தது. 1943-ல் இறைச்சி, வெண்ணெய் முதலியவற்றிற்கும் வந்தது. சீட்டுப் புத்தகமின்றி இவற்றை வாங்க இயலாது. எனவே மக்கள் புழைக்கடையிலும், பள்ளித் திடலிலும், நகரத்து வெற்றிடங்களிலும் காய்கறி பயிரிட்டனர். ஜனாதிபதியின் மாளிகைப் புல்வெளியிலும் ஒரு பாத்தி அமைந்தது. சுமார் 2 கோடி தோட்டங்கள் தோன்றி, நாட்டில் உண்ட பசுங்காய்கறியில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கை அளித்தன என்பது அக்காலத்து மதிப்பீடு. மிகுந்த காயைக் கண்ணாடிச் சாடிகளில் அடைத்துக் குளிர்காலத்திற்கு வைத்தனர்; நாம் வற்றல் போடுவது போன்றதே அது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். அங்கே தானியம் குறையவில்லை. தோட்டம் உணவைச் செழிப்பாக்கிற்று. இங்கே தானியமே குறைந்தது. ஒரு சென்டு நிலத்துக் கீரை ஒரு குடும்பத்தின் அரிசிக்கு ஈடாகாது. ஆனால், பங்கீட்டுக் கடை அளிக்காத சத்தை அது அளிக்கும். தீட்டிய அரிசியை மட்டுமே உண்போருக்குப் பல நோய்கள் வரும்; முருங்கைக்கீரை முதலியன மாலைக்கண் வாராமல் காக்கும். தோட்டத்தை இந்த அளவில் மதித்தலே முறை.

நெட்டுக்குப்பத்து நிலம்

எண்ணூர்க் கழிமுகத்தருகே அமைந்த நெட்டுக்குப்பம் மீன்பிடித் தொழிலால் வாழும் ஊர். ஒரு புறம் கடல், மறுபுறம் கழி, நடுவே மணல். மீனை விற்று அரிசி வாங்கும் இத்தகைய ஊருக்கு, படகு செல்லாத நாளும் அரிசி வாராத நாளும் ஒன்றே. இம்மணலில் பயிரிடுவோர் நான்கு விஷயங்களை அறிதல் வேண்டும்.

1. நீர். கரையோர மணலில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழுள்ள உப்புநீர் நாளடைவில் 40 அடி வரை மேலேறக்கூடும். ஆகையால் ஆழக் குழாய் இறக்கி இடைவிடாது இறைத்தல் கூடாது. ஆழமில்லாக் கிணற்றில் வேண்டிய அளவே மொண்டு, காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக ஊற்றுக.

2. மண். மணல் நீரையும் எருவையும் தாங்காது. ஒன்றரை அடி ஆழம் தோண்டி, அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிவுப்புறம் மேலாக அடுக்கி, மேலே மக்கிய எருவும் வண்டலும் கலந்த மண்ணை நிரப்புக. மட்டை ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

3. எரு. மீன் கழிவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அதை இலைச்சருகுடன் கலந்து, நாய் கிளறாதபடி புதைத்து, நன்கு மக்கிய பின் இடுக. கருவாட்டுக்கு உப்பிட்ட கழிவும், மீன் ஊறிய உப்புநீரும் பாத்திக்கு ஆகா.

4. பயிர். வடகிழக்குப் பருவமழை மண்ணின் உப்பைக் கழுவிய பிறகு, தை மாதத்தில் விதைத்தல் நன்று. முளைக்கீரை ஒரு மாதத்திற்குள் பறிப்புக்கு வரும். காராமணி மண்ணிற்கும் வளம் சேர்க்கும். சர்க்கரைவள்ளியும் பூசணியும் மணலில் நன்கு படரும். வேலியோரம் முருங்கைக் கிளையை நடுக. உப்புக்காற்றைத் தடுக்கப் பனையோலைத் தட்டி கட்டுக. கேரட்டும் வெங்காயமும் உப்பைப் பொறா.

எச்சரிக்கை

1942-ல் இல்லாத ஓர் இடையூறு இன்று உண்டு. எண்ணூர்ப் பகுதியில் தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையங்களும் பெருகியபின், கழியில் சாம்பலும் கழிவும் சேர்ந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த நீர் கழிமுகத்துக் கரையூர்களில் பரவிற்று. கீரைகள் மண்ணிலுள்ள நச்சு உலோகங்களைக் காய்களைவிட மிகுதியாக ஏற்கும் இயல்புடையன. பிள்ளைகளின் நலத்திற்கென வளர்த்த கீரையே அவர்களுக்குக் கேடாகலாகாது.

ஆதலின் சாம்பலோ எண்ணெயோ படிந்த நிலத்தில் நேரே விதையாதீர். அங்குள்ள மண்ணையும் கிணற்று நீரையும் முதலில் பரிசோதனைக்கு அனுப்புக. உப்பின் அளவோடு உலோகங்களையும் சோதிக்கக் கேட்டுக்கொள்க. முடிவு வரும்வரை, தூய மண்ணை வேற்றிடத்திலிருந்து கொணர்ந்து, தொட்டியிலோ துளையிட்ட சாக்கிலோ நிரப்பிப் பயிரிடுக. மழைநீரைச் சேமித்து ஊற்றுக. பறித்த கீரையைப் பலமுறை அலசிச் சமைக்க. விறகுச் சாம்பல் எருவாகும். அனல்மின் நிலையச் சாம்பலை அதுவென மயங்கி இடாதீர்.

யுத்தமாயினும் வெள்ளமாயினும், தொலைவிலிருந்து வரும் உணவு ஒரு நாள் தடைபடும். அந்நாளில் வித்துத் தேடுவோனுக்குக் கீரை கிடைக்க ஒரு மாதமாகும். முன்னரே ஒரு பாத்தி வைத்திருப்போனுக்கு அன்றைக்கே கறி உண்டு. எனவே மண்ணைச் சோதித்தலை இப்பருவத்திலேயே முடித்து, வரும் தை மாதத்தில் விதைக்க ஆயத்தமாகுக.