கட்டை எண்ணிப் பயணம் செய்வோம்: ஏரியும் காடும் காணும் மிதிவண்டிப் பாடம்

மஸ்ஜித் இந்தியா கடைவீதிக்கு வரும் நம்மில் பலர், துணிமணியும் மளிகையும் வாங்கியதும் பேருந்தேறி ஊர் திரும்பிவிடுகிறோம். அந்நகரத்திலிருந்து பதினெட்டே கட்டைத் தொலைவில் காடு தொடங்குகிறது. அதனைக் கடந்தால் மலைகளுக்கிடையே பெரியதோர் ஏரியும் கிடக்கிறது. மிதிவண்டியில் சென்று இவற்றைக் கண்டு, ஒரே பகலில் திரும்புவதற்குத் திட்டமிடும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

மிதிவண்டி நமக்குப் புதிதன்று. விடியுமுன் பால் மரம் வெட்டப் புறப்பட்ட நம் பெற்றோர்க்கு அதுவே கால். பால் வாளியைச் சுமந்ததும் அதுவே. இன்று மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது, உடலுழைப்பும் குறைந்துவிட்டது. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு நோய் மிகுதி என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. ஆகவே இதனைப் பொழுதுபோக்காக மட்டும் கருதலாகாது.

1. வழியைத் தேர்தல்

நல்ல சுற்றுவழி, சென்ற சாலையிலேயே திரும்பாமல் வட்டமாக அமையும். நாம் எடுத்துக்கொள்ளும் வழி இது: செராஸ் ஒன்பதாம் கட்டை, உலு லங்காட் பதினாலாம் கட்டை, பதினெட்டாம் கட்டை, சுங்கை தெக்காலா பொழுதுபோக்குக் காடு, செமினி அணைக்கட்டு, செமினி நகர், காஜாங்.

காஜாங்கிலிருந்து ஒன்பதாம் கட்டைக்குத் திரும்பும் பகுதியில் கனரக வாகனங்கள் மிகுதி. அதனை மிதிவண்டியில் கடக்க வேண்டுவதில்லை. 2017ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட எம்.ஆர்.டி. காஜாங் தடம் வட்டத்தின் அப்பகுதியை நமக்காக மூடித் தருகிறது. மஸ்ஜித் இந்தியாவிலிருந்து சிறிது நடந்து பசார் செனி நிலையத்தில் ஏறி, ஒன்பதாம் கட்டையருகே உள்ள தாமான் சன்டெக்ஸ் நிலையத்தில் இறங்கலாம். மாலையில் காஜாங் நிலையத்தில் ஏறித் திரும்பலாம். இரயிலுக்கு ஏற்றது மடக்கு மிதிவண்டியே. நிலைய ஊழியரிடம் விதிகளை முன்னதாகவே கேட்டறிவது நலம்.

2. தொலைவைக் கணித்தல்

மலாய் மொழியில் ‘பத்து’ என்றால் கல், எண்ணன்று. அக்கால மைல்கற்களே இவ்வூர்களுக்குப் பெயராயின. நாம் அவற்றைக் கட்டை என்கிறோம். எனவே ஊர்ப்பெயரே நமக்கு அளவுகோல். ஒரு மைல் 1.6 கிலோமீட்டர். ஒன்பதாம் கட்டையிலிருந்து பதினெட்டாம் கட்டை வரை 9 மைல், அதாவது 14.5 கிலோமீட்டர். அங்கிருந்து செமினி வரை ஏறத்தாழ 25. செமினியிலிருந்து காஜாங் ஏறத்தாழ 10. ஆக, மொத்தம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்.

3. நேரத்தைக் கணித்தல்

பழகியவர் மணிக்கு 15 கிலோமீட்டர் செல்வதாகக் கொள்வோம். 50ஐ 15ஆல் வகுத்தால் 3 மணி 20 நிமிடம். ஏற்றங்களுக்கு 40 நிமிடம், இளைப்பாற ஒரு மணி நேரம் கூட்டினால் 5 மணி நேரம். காலை ஏழே காலுக்குப் புறப்பட்டால் பன்னிரண்டே காலுக்குக் காஜாங்கை அடையலாம். இடியுடன் கூடிய மழை நம் நாட்டில் பெரும்பாலும் பிற்பகலிலேயே வருவதால், இக்கணக்கு முக்கியமானது. பத்தரை மணிக்குள் அணைக்கட்டை அடையவில்லையெனில், ஓய்வைக் குறைத்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

4. வழியில் கவனிக்க வேண்டியவை

பதினெட்டாம் கட்டையில் சாலைகள் பிரிகின்றன. பங்சூன் செல்லும் சாலையை விட்டுத் தெக்காலா, செமினி அறிவிப்புப் பலகையைப் பின்பற்றுக. அப்பலகை கண்ணில் படும்வரை வேகம் வேண்டா. அக்கடைத்தெருவிலேயே தண்ணீரை நிரப்பிக்கொள்க. அதன்பின் கடைகள் குறைவு.

தெக்காலாப் பகுதியில் ஏற்ற இறக்கங்கள் உண்டு. ஏற்றத்தில் இறங்கித் தள்ளிச் செல்வது இழிவன்று. இறக்கத்திலோ வளைவுக்கு முன்பே இரு பிரேக்குகளையும் மெல்லப் பிடித்தல் வேண்டும். வளைவுக்குள் அழுத்திப் பிடித்தால், ஈர இலையில் சக்கரம் வழுக்கும். இடப்புறம் ஒருவர்பின் ஒருவராகவே செல்க.

செமினி ஏரி நீர் சுத்திகரிக்கப்பட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கின் வீடுகளுக்குக் குடிநீராகிறது. அங்குக் குளிப்பதும் குப்பை எறிவதும் நம் சொந்தக் குழாயை அசுத்தம் செய்வதாகும். குரங்குகளுக்கு உணவளித்தலும் ஆகாது.

செமினியிலிருந்து காஜாங் வரையிலான சாலையில் குடியிருப்புகளைக் காண்போம். 1890களிலேயே காஜாங் வட்டாரத்தில் ரப்பர் பயிரிடப்பட்டது. நம் முன்னோர் வேலை செய்த நிலம் அது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் செல்வோம்.

5. புறப்படுமுன்

டயர்க் காற்று, இரு பிரேக்குகள், சங்கிலி, முன்பின் விளக்குகள் ஆகியவற்றை முதல் நாள் மாலையே சோதித்தல் வேண்டும். தலைக்கவசம், காற்றுப் பம்பு, மாற்று டியூப், இரண்டு போத்தல் தண்ணீர் ஆகியவை கட்டாயம். நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கலந்துகொண்டு, இனிப்பும் உடன் வைத்திருத்தல் வேண்டும். வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைத்துச் செல்க.

2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், அதிகாலை மூன்று மணியளவில் சாலையில் மிதிவண்டி ஓட்டிய பதின்ம வயதினர் எட்டுப் பேர் கார் மோதி உயிரிழந்தனர். நாடே கலங்கியது. நம் பிள்ளைகளிடம் மிதிவண்டியைப் பறித்து மூலையில் சாத்துவது அதற்கு விடையாகாது. எந்நேரத்தில், எவ்வழியில், எத்தகைய வண்டியில் செல்வது என்று உடன் சென்று கற்பிப்பதே விடை.

பயிற்சி: உங்கள் தோட்டத்திலிருந்து அருகிலுள்ள நகருக்கு எத்தனை கட்டை? அதனைக் கிலோமீட்டராக்குக. மணிக்கு 12 கிலோமீட்டர் செல்லும் சிறுவனுடன் போய்வர எவ்வளவு நேரமாகும்? கணக்கிட்டபின், அடுத்த ஓய்வு நாளில் அதனைச் சரிபார்ப்போம்.