இரவில் உறங்காத நாய்: காரணமும் நம் கடமையும்

பால்மரத் தோட்டத்தில் பொழுது விடிவதற்கு முன்னரே வேலை தொடங்கிவிடுகின்றது. குளிர்ந்த வேளையில்தான் மரத்திலிருந்து பால் தடையின்றி ஒழுகும். வெயில் ஏற ஏற அதன் வரத்துக் குறையும். ஆதலால் பால்வெட்டுத் தொழிலாளர் நான்கு மணிக்கெல்லாம் எழுந்தாக வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் படுப்பவருக்குக் கிடைப்பது ஏழு மணி நேர உறக்கமே. அந்த உறக்கமும் கெட்டால், மறுநாள் கை தடுமாறும். கத்தி அளவு மீறி இறங்கும். பட்டைக்கு உட்புறத்தே இருக்கும் வளர்படலம் காயப்பட்டுவிட்டால், அவ்விடத்தில் புதுப்பட்டை சீராக வளராது, முண்டும் முடிச்சுமாகிவிடும்.

இந்த ஏழு மணி நேரத்தில் வீட்டு நாய் மூன்று முறை எழுந்து முனகுவதும், கதவைப் பிறாண்டுவதும், ஊளையிடுவதுமாக இருந்தால், வளர்ப்பவர் மட்டுமன்றி ஒரே லயத்தில் வாழும் அண்டை வீட்டாரும் அல்லற்படுவர். அதனால் வீட்டுக்கு வீடு மனத்தாங்கல் உண்டாகின்றது. இறுதியில் சிலர் நாயை அடிக்கின்றனர். சிலர் குறுகிய சங்கிலியில் பிணைக்கின்றனர். வேறு சிலர் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். இம்மூன்றும் தொல்லையைத் தீர்ப்பதில்லை. காரணத்தை அறிந்து செயற்பட்டால், நாயையும் காக்கலாம். நம் உறக்கத்தையும் காக்கலாம்.

நாயின் உறக்கம் எத்தகையது?

மனிதர் இரவில் நீண்ட நேரம் தொடர்ந்து உறங்குவர். நாய் அவ்வாறு உறங்குவதில்லை. பகலிலும் இரவிலுமாகப் பல சிறு துண்டுகளாக உறங்குவது அதன் இயல்பு. இரவில் ஏறத்தாழ 16 நிமிடம் உறங்கிய பின் 5 நிமிடம் விழித்திருப்பது நாய்களிடம் காணப்பட்டுள்ள ஒரு சராசரிக் கணக்காகும். ஆகவே நாய் இரவில் விழிப்பது குறையன்று. விழித்த நாய், சுற்றிலும் நோக்கிவிட்டு மீண்டும் தலை சாய்க்கின்றதா, அல்லது மூச்சிரைக்க அங்குமிங்கும் நடக்கின்றதா என்பதையே நாம் கவனித்தல் வேண்டும்.

செவிப்புலனிலும் வேறுபாடு உண்டு. மனிதச் செவி ஒரு விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே உணரும். நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 அதிர்வுகள் வரை உணரவல்லது. கூரையில் எலிகள் எழுப்பும் நுண்ணொலியும், பால்மரக் காட்டில் முசாங் சருகை மிதிக்கும் ஓசையும், பக்கத்துத் தோட்டத்து நாயின் குரலும் நமக்கு எட்டாதபோதும் அதற்கு எட்டும். நாய் நள்ளிரவில் ஊளையிட்டால் எமன் வருகின்றான் என்றும், சாவு நேரும் என்றும் நம் முன்னோர் அஞ்சினர். தொலைவிலுள்ள தன் இனத்தாரின் குரலுக்கு மறுமொழியாகவும், தனிமையைத் தாங்காமலும் நாய் ஊளையிடுகின்றது என்பதே உண்மை. அச்சத்தினால் அதனைக் கல்லால் எறிதல் அறமாகாது.

மூன்று இரவுக் குறிப்பு

மருந்து தேடுமுன் காரணத்தைத் தேடல் வேண்டும். பிள்ளைகளின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து, மூன்று இரவுகளுக்கு நான்கு செய்திகளைக் குறித்து வாருங்கள்: நாய் எழுந்த நேரம், அவ்வேளையில் கேட்ட ஒலி அல்லது பெய்த மழை, நாய் செய்த செயல், எதனைச் செய்தபின் அது அடங்கியது என்பது.

இக்குறிப்பு பல உண்மைகளை வெளிப்படுத்தும். எழுந்ததும் வாசலுக்கு ஓடிச் சிறுநீர் கழித்தபின் அடங்கினால், காரணம் உடலைச் சார்ந்தது. இடி முழங்கும் இரவுகளில் மட்டும் நடுங்கினால், காரணம் அச்சமாகும். நாள்தோறும் ஒரே நேரத்தில் குரைத்து, பிஸ்கட் கிடைத்ததும் அடங்கினால், அது நாமே கற்பித்த பழக்கமாகும்.

உடல் நோயே முதல் ஐயம்

நன்றாக உறங்கி வந்த நாய் திடீரெனத் தூக்கம் இழந்தால், முதலில் அதன் உடலைச் சோதித்தல் வேண்டும். உண்ணி நம் நாட்டு நாய்களுக்குப் பெருந்தொல்லையாகும். காதின் உட்புறம், கழுத்து, அக்குள், கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களை விளக்கொளியில் பாருங்கள். நாயுண்ணி வீட்டுச் சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் முட்டையிடும்; நாயை மட்டும் கழுவி, படுக்கும் இடத்தைத் தூய்மை செய்யாவிட்டால் உண்ணி மீண்டும் ஏறும். சொறியும், காதில் சீழும், இரவில் அரிப்பையும் வலியையும் மிகுவிக்கும். கொசுவினால் பரவும் இதயப்புழு நோய் கண்ட நாய் இருமி இளைக்கும். மிகுதியாக நீர் பருகி அடிக்கடி சிறுநீர் கழிப்பது சிறுநீரக நோய்க்கோ நீரிழிவுக்கோ அடையாளமாக இருக்கலாம்.

தோட்டங்களில் எலி மருந்தும் களைக்கொல்லியும் பயன்படுத்தப்படுவதை மறத்தலாகாது. நாய் வாந்தி எடுத்து, நடுங்கி, வாயிலோ மலத்திலோ குருதி கண்டால், விடியும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரை நாட வேண்டும். வலிக்காக நாம் விழுங்கும் பாரசிட்டமோல் போன்ற மாத்திரைகளையும், தூக்க மாத்திரைகளையும் நாய்க்குக் கொடுத்தல் கூடவே கூடாது. அவை அதன் உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

குட்டியும் கிழட்டு நாயும்

தாயைப் பிரிந்த குட்டி முதற்சில இரவுகளில் அழுவது இயற்கை. எட்டு வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தலாகாது. புதிய குட்டியைத் தொலைவிலுள்ள கொட்டகையில் தனியே விடாமல், முதல் வாரத்தில் நம் படுக்கைக்கு அருகே ஒரு பெட்டியில் படுக்கவிடுங்கள். தாயின் மணம் படிந்த துணித்துண்டு ஒன்றை அதனுள் இடுவது நலம். பின்னர் ஒவ்வொரு நாளும் ஓரிரு அடி நகர்த்தி, விரும்பும் இடத்தில் பெட்டியை நிலைபெறச் செய்யலாம். இரண்டு மூன்று மாதக் குட்டியால் இரவு முழுவதும் சிறுநீரை அடக்க இயலாது. ஆகவே இடையில் ஒரு முறை, விளையாட்டுக் காட்டாமல் வெளியே கொண்டுசென்று வருதல் வேண்டும்.

முதிர்ந்த நாய்க்கு மூட்டுவலி உண்டு. கண்ணும் காதும் மங்கும். சிலவற்றுக்கு மனிதரின் மறதி நோயை ஒத்த மூளைத் தளர்ச்சியும் தோன்றும். 11, 12 வயது நாய்களில் ஏறத்தாழ 28 விழுக்காடும், 15, 16 வயது நாய்களில் ஏறத்தாழ 68 விழுக்காடும் இத்தளர்ச்சியின் ஓர் அறிகுறியையேனும் காட்டியதாக 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. பகலெல்லாம் உறங்கி இரவில் உலாவுதல், மூலையில் நின்று விழித்தல், பழகியவரை அறியாமை ஆகியவை அதன் அடையாளங்கள். அத்தகைய நாய்க்குத் தடித்த சாக்கு விரிப்பும், சிறு விளக்கொளியும், மாறாத படுக்குமிடமும் ஆறுதல் தரும். மூட்டுவலிக்கும் மூளைத் தளர்ச்சிக்கும் மருத்துவரிடம் மருந்துண்டு.

அச்சமும் பழக்கமும் வேறு வேறு

இடியும் மழையும் நம் நாட்டில் மிகுதி. தீபாவளிப் பட்டாசும் நாய்களுக்குப் பேரச்சம் விளைவிக்கும். அவ்வேளைகளில் நாயை வெளியே கட்டிவைக்காமல், அடுக்களை மூலையிலோ மேசையின் கீழோ இருளான ஒதுக்கிடம் அமைத்துக் கொடுங்கள். வானொலியை மெல்லிய ஒலியில் வைப்பதும் உதவும். அஞ்சும் நாயைத் தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்பது பழைய எண்ணமாகும். அச்சம் ஓர் உணர்ச்சி. அன்பான தொடுகையினால் அது மிகுவதில்லை.

பழக்கத்தினால் குரைப்பது வேறு. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு நாய் குரைக்கின்றது. வீட்டார் எழுந்து பிஸ்கட் கொடுக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். குரைத்தால் உணவு கிடைக்கும் என்பதை நாய் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளும். நோயும் அச்சமும் இல்லையெனத் தெளிந்த பின், அந்தக் குரைப்புக்கு மறுமொழி தராமல் இருப்பதே வழி. முதல் இரண்டு மூன்று இரவுகளில் குரைப்பு முன்னிலும் மிகும். அப்போது மனமிரங்கிப் பிஸ்கட் கொடுத்தால், நீண்ட நேரம் குரைத்தால்தான் கிடைக்கும் என்ற பாடத்தையே அது கற்கும். ஆகையால் தொடங்குமுன் அண்டை வீட்டாரிடம், "ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், நாயைப் பழக்குகின்றோம்" என்று முறையாகச் சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்ன சொல் பல சண்டைகளைத் தடுக்கும்.

மாலை ஒழுங்கு

இரவு அமைதி மாலையிலேயே தொடங்குகின்றது. மாலை ஐந்து மணியளவில் அரை மணி நேரம் நாயுடன் நடந்து வாருங்கள். நாளெல்லாம் கட்டிக் கிடந்த நாய்க்கு இரவில்தான் கால் துடிக்கும். ஆறு, ஏழு மணிக்குள் உணவளித்து, படுக்குமுன் வெளியே கொண்டுசென்று சிறுநீர் கழிக்க விடுங்கள். குடிநீரை ஒருபோதும் அகற்றாதீர்கள். சிமெண்டுத் தரையின் ஈரம் ஏறாதவாறு பலகை மேல் சாக்கு விரித்து, மழைச் சாரல் படாத அஞ்சடியிலோ வீட்டினுள்ளோ படுக்கை அமையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே இடம் என்ற ஒழுங்கு நாயின் மனத்தை அமைதிப்படுத்தும்.

தோட்டத்தை விட்டு மலிவுவிலை வீடுகளுக்குக் குடிபெயரும் குடும்பங்களும் உண்டு. இடம் மாறிய நாய் பல இரவுகள் உறங்காது. அதன் பழைய சாக்கையும் உணவுத் தட்டையும் துவைக்காமலும் மாற்றாமலும் புதிய வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். நாயைப் பழைய லயத்தில் விட்டுச் செல்வது தகாது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, வளர்ப்பவர் விலங்கின் தேவைகளை நிறைவு செய்யக் கடமைப்பட்டவர். விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு அச்சட்டம் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கின்றது.

ஓர் எச்சரிக்கை

அமைதியின்மையோடு குரல் மாறுதல், எச்சில் ஒழுகுதல், விழுங்க இயலாமை, காரணமின்றி எதனையும் கடித்தல் ஆகியவை சேர்ந்து காணப்பட்டால், அது வெறிநாய் நோயாக இருக்கலாம். 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் தலைகாட்டியது. 2017ஆம் ஆண்டில் சரவாக்கில் பரவத் தொடங்கி மனித உயிர்களையும் பலி கொண்டது. அத்தகைய நாயை நெருங்காதீர்கள். கால்நடை மருத்துவச் சேவை இலாகாவுக்குத் தெரிவியுங்கள். கடிபட்டால் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நோய்க்குறி தோன்றிய பின் அந்நோயிலிருந்து தப்புவது மிக அரிது. காலத்தில் போடப்படும் தடுப்பூசியோ உயிரைக் காக்கும்.

நினைவில் கொள்க

முதலில் குறிப்பெடுங்கள், அடுத்து உடலைச் சோதியுங்கள், நோயாயின் மருத்துவரை நாடுங்கள், அச்சமாயின் ஆறுதல் கொடுங்கள், பழக்கமாயின் பொறுமையுடன் மாற்றுங்கள். அடியினால் நாய் அடங்கியதுபோல் தோன்றும். அதன் அச்சமோ மேலும் வளரும். நாம் உறங்கும்போது பாம்பையும் திருடரையும் அறிந்து குரல் கொடுக்கும் காவலாளி நாய். அதற்கு அமைதியான இரவை அளித்தால், நான்கு மணிக்கு எழும் நமக்கும் அவ்வமைதி கிட்டும்.