நீர் எங்கே போயிற்று?

உயிருள்ள உடம்பிற்கும் மனிதன் இயற்றிய எஞ்சினுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் உள்ளே வெப்பத்தை உண்டாக்கித் தொழில் புரிவன. அவ்வெப்பம் அளவு கடந்தால் இரண்டும் நலிவன. காய்ச்சல் என்பது உள்ளே மறைந்துள்ள நோயின் அறிகுறியே ஆகும். காரின் எஞ்சின் கொதிப்பதும் அத்தகையதே. அறிகுறியைத் தணித்துவிட்டு நோய் நீங்கிற்று என்று மகிழ்தல் அறிவுடைமை ஆகாது. இவ்வுண்மையை நான் ஏட்டில் கற்றேன். ஏற்காட்டு மலைப்பாதையில் உணர்ந்தேன்.

எஞ்சின் வெம்மையுறும் வகையை முதற்கண் அறிதல் வேண்டும். சிலிண்டரினுள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரியும்போது, அங்குள்ள வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியசையும் கடக்கும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். அங்ஙனமாயின், அலுமினியத்தால் ஆகிய எஞ்சினின் தலைப்பகுதி உருகாதிருப்பது எவ்வாறு? ஒவ்வொரு முறையும் எரிதல் நொடியின் மிகச் சிறு கூறளவே நிகழ்கிறது. அதனால் உலோகத்தில் ஏறும் வெப்பத்தைச் சிலிண்டரைச் சூழ்ந்தோடும் நீர் உடனுக்குடன் கவர்ந்து செல்கிறது.

அந்நீரைப் பம்பு ஓயாது உந்துகிறது. சூடேறிய நீர் ரப்பர்க் குழாய் வழியே காரின் முகப்பிலுள்ள ரேடியேட்டரை அடைந்து, அதன் மெல்லிய குழல்களில் பரவுகிறது. எதிர்க்காற்றும் விசிறியும் அதனைக் குளிர்விக்க, அது மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. இடையே தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு வாயிற்காவலனைப் போல் நிற்கிறது. பெரும்பாலான கார்களில், நீர் 80 முதல் 90 டிகிரி வரை சூடேறும்போது அதனுள் அடைத்த மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். குளிர்ந்தால் சுருங்கி மூடும். நீர், பம்பு, குழாய், ரேடியேட்டர், விசிறி, தெர்மோஸ்டாட் ஆகிய ஆறனுள் ஒன்று தன் கடமையில் தவறினும் எஞ்சின் கொதிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சித்திரைத் திங்களில் ஒருநாள், மலைப்பாதையில் தேர்ந்த ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு என் காரில் புறப்பட்டேன். அப்பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் உண்டு. ஒன்பதாம் வளைவைக் கடந்தபோது, வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓட்டுநர் வண்டியைப் பாதையோரத்தில் ஒதுக்கி எஞ்சினை அணைத்தார். முன்மூடியின் இடுக்குகளில் ஆவி கசிந்தது. அது தணிந்த பின்னரே அவர் மூடியை உயர்த்தினார்.

“நீர் குறைந்திருக்கும், ஊற்றினால் போதும்” என்று கூறி, நான் ரேடியேட்டரின் மூடியை நோக்கிக் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பற்றி நிறுத்தினார். “பொறுங்கள், ஐயா! இப்போது திறந்தால் முகமெல்லாம் வெந்துவிடும்” என்றார்.

அவர் கூற்றின் உண்மையை மாணவர்கள் நன்கு உணர்தல் வேண்டும். திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடிய ரேடியேட்டரினுள் அழுத்தம் மிகுதியாதலின், 100 டிகிரியைக் கடந்தும் அது கொதியாது நிற்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்கும். நீரின் ஒரு பகுதி ஆவியாகிச் சீறி, எஞ்சிய சுடுநீரையும் வாரி இறைக்கும். ஆதலின், அரைமணி நேரத்திற்குக் குறையாமல் காத்திருந்து, எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே மூடியைத் தொடுதல் வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுதலும் தீது. உலோகம் திடீரெனச் சுருங்கி வெடிப்புறவும் கூடும்.

காத்திருந்தபோது, மருத்துவர் நோயாளியை வினவுவது போல் ஓட்டுநர் என்னை வினவினார்.

“ஊருக்குள் நெரிசலில் வண்டி நிற்கும்போது முள் ஏறியதுண்டா, ஐயா?”

“இல்லை” என்றேன். நிற்கும் வண்டிக்கு எதிர்க்காற்று இல்லை. விசிறி ஒன்றே துணை. ஆகவே விசிறியில் பிழையில்லை என்று அவர் உய்த்துணர்ந்தார்.

“அண்மையில் நீர் ஊற்றினீர்களா?”

“இவ்வாரத்தில் மட்டும் மும்முறை ஊற்றினேன்” என்று பெருமையுடன் கூறினேன்.

“ஊற்றிய நீர் எங்கே போயிற்று என்று பார்த்தீர்களா?” என்றார். நான் வாயடைத்து நின்றேன்.

மூடிய சுற்றில் ஓடும் நீர் இவ்வாறு குறைதல் இயல்பன்று. குறைந்தால் அது வெளியே கசிந்திருத்தல் வேண்டும். அன்றேல் எஞ்சினுள் புகுந்திருத்தல் வேண்டும். உள்ளே புகுந்திருந்தால், புகைபோக்கியில் வெண்புகை தொடர்ந்து எழும். அல்லது எண்ணெய் பாலாடை போல் வெளுத்திருக்கும். புகையில் வெண்மையைக் கண்டதில்லை என்று நான் கூறினேன். ஓட்டுநர் எண்ணெய் அளக்கும் கோலை உருவிப் பார்த்தார்; எண்ணெய் கெடாதிருந்தது. பின்னர் ரப்பர்க் குழாய்களை ஆராய்ந்தார். மேற்குழாய் ரேடியேட்டருடன் இணையுமிடத்தில், நீர் உலர்ந்த வெண்கறையும், அதனருகே மயிரிழை போன்ற வெடிப்பும் காணப்பட்டன. எஞ்சின் சூடேறி அழுத்தம் மிகும்போது மட்டும் அவ்வெடிப்பு வாய் திறக்கும், ஆறியபின் மூடிக்கொள்ளும். அதனாலேயே வீட்டு வாயிலில் ஒரு துளி ஈரத்தையும் நான் கண்டதில்லை.

எஞ்சின் ஆறியபின், அவர் மூடியின்மேல் தடித்த துணியை இட்டு மெல்லத் திருகித் திறந்தார். குழாயின் வெடித்த நுனியை ஒரு விரற்கடை அளவு அறுத்து நீக்கி, எஞ்சியதை மீண்டும் பொருத்திக் கவ்வியை இறுக்கினார். பின்னர் நீரை நிரப்பினார். மலையேறுதலைக் கைவிட்டு, முள்ளின்மேல் கண் வைத்தவாறு சேலத்திற்கே திரும்பினோம். மறுநாள் பணிமனையில் புதிய குழாய் பொருத்தி, வெறும் நீருக்கு மாறாகக் குளிர்விப்புத் திரவத்தை நிரப்பினர். கிணற்று நீரிலுள்ள உப்புக்கள் குழல்களில் படிந்து அடைக்கும். அத்திரவமோ துருவைத் தடுப்பதுடன் கொதிநிலையையும் உயர்த்தும். கொதித்த வண்டியை மேலும் செலுத்தியிருந்தால், சிலிண்டர்த் தலை கோணி எஞ்சினே பாழாகியிருக்கும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் தேர்ந்து செயற்படுமாறு வள்ளுவர் நெறி வகுத்துள்ளார். அதனை முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் விளக்கியவன் நான். ஆயினும் மும்முறை நீரூற்றி அறிகுறியை மறைத்தேன். ஓட்டுநரோ ஒரே வினாவால் காரணத்தின் வாயிலைத் திறந்தார். குறளுக்குப் பொருள் உரைத்தவன் நான்; பொருளறிந்து ஒழுகியவர் அவர்.

மாணவர்களே! பழுதுற்றது எதுவாயினும், அதனைச் செப்பனிடப் புகுமுன், ‘இஃது எதனால் நேர்ந்தது?’ என்று வினவுங்கள்.

வினாக்கள்

1. கொதிக்கும் எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை உடனே திறத்தல் கூடாது, ஏன்?
2. தெர்மோஸ்டாட் வாயிற்காவலனை ஒப்பது எவ்வாறு?
3. ஓட்டுநர் பழுதைக் கண்டறிந்த முறையை வரிசைப்படுத்தி எழுதுக.